மரூசோவைக் கப்பல் கொண்டுபோன நாள்

எங்கள் அனெமூசா தீவில் கப்பல் நிற்பதும் நிற்காததும் கேப்டன் கையில் இல்லை; என் அண்ணி மரூசோவின் கையில் இருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக அப்படித்தான். இதை நானாக ஒப்புக்கொண்டு எழுதுவேன் என்று போன செப்டம்பருக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், காப்பியைக் கொட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்திருப்பேன்.

நான் யாகுமிஸ். துறையில் கப்பல் டிக்கெட் விற்கிறேன். டிக்கெட் ஜன்னலை ஒட்டி நாலு மேசை போட்டுக் காப்பியும் விற்கிறேன். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, தரையில் நட்ட இரண்டு இரும்புக் குற்றிகள். கப்பல் துறைக்குப் பின்பக்கமாக வரும். மேல்தளத்தில் நிற்கும் மாலுமி, நுனியில் கனத்த முடிச்சு போட்ட மெல்லிய கயிறு ஒன்றைக் கரைக்கு வீசுவான். அண்ணி அதை எடுத்து இழுப்பார். அதன் வாலில் கட்டியிருக்கும் வடம், தொடைப் பருமன், தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வரும். வடத்தின் கண்ணியைக் குற்றியில் மாட்டுவார். இன்னொரு வடம், இன்னொரு குற்றி. அதற்கப்புறம்தான் கப்பலின் பின்கதவு பாலம் மாதிரிச் சாய்ந்து தரையைத் தொடும். மூன்று நிமிஷம். ஆட்கள், ஆடுகள், தக்காளிப் பெட்டிகள், மருத்துவரின் கார் எல்லாம் அதற்குள் இறங்க வேண்டும், ஏற வேண்டும். கப்பல் ஊதியதும் அண்ணி வடத்தைக் கழற்றிக் கடலில் எறிவார். அவ்வளவுதான்.

"ஒரு கயித்தப் புடிச்சு ஒரு குத்தியில மாட்டுறதுக்கு ஒரு சம்பளம், ஒரு மழைக்கோட்டு" என்று நான் அவரைச் சீண்டாத நாள் கிடையாது. அவரும் சும்மா இருக்க மாட்டார். "ஒரு சீட்டக் கிழிச்சுக் குடுக்க ஒரு நாற்காலி, ஒரு தொப்பை" என்பார்.

உண்மையில் இந்த வேலை முதலில் எனக்குத்தான் வந்தது. குளிர்காலத்தில் யார் நனைவது என்று அண்ணனிடம் தள்ளிவிட்டேன். அண்ணன் பாந்தெலிஸ் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தார். தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று, ஒரு வாரம் மட்டும் நீ பார் என்று மனைவியிடம் சொன்னார். அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அண்ணிக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம். தோள் மட்டும் என்னுடையதைவிட அகலம். துறையிலேயே வீடு, ஒரு கூடம், ஒரு அறை, கடல் கொஞ்சம் துள்ளினால் வாசலில் மீன் கிடக்கும். தீவில் பிரசவத்துக்குப் போனவளும் பட்டாளத்திலிருந்து வந்தவனும் அவர் கட்டிய கப்பலில்தான் போனார்கள், வந்தார்கள். அவர் மட்டும் கப்பலில் ஏற மாட்டார். பல்வலி வந்து கன்னம் பூசணிக்காயாக வீங்கியபோதும், எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பெரிய கடமைக்காரி என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் வசந்தத்தில் ஏதென்ஸிலிருந்து எவ்தோகியா என்ற பேராசிரியை வந்தார். வெளிநாட்டுக் கல்லூரிகளிலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் செப்டம்பர் கடைசியில் வந்து மூன்று மாதம் எங்கள் தீவில் தங்கிப் படிப்பார்கள், வீட்டுக்கு ஒருவராக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். என்ன படிப்பார்கள் என்றோம். எங்கள் கல் சுவர்களையும் மழைநீர்த் தொட்டிகளையும் படிப்பார்களாம். கல்லை அடுக்கினால் சுவர், இதில் மூன்று மாதம் படிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கோடைக்கூட்டம் கிளம்பிவிட்டால் இந்தத் தீவில் மிஞ்சுவது அறுபத்தோரு பேர். அதில் பாதிப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குக் குளிர்காலத்தில் பன்னிரண்டு இளவட்டங்கள். கேட்ட அன்றிலிருந்தே வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊர்த் தலைவர் சாரன்தோஸ் பன்னிரண்டு வீடுகளின் பட்டியலை என் கடைச் சுவரில் ஒட்டினார். அண்ணியின் வீடு அதில் இல்லை. அண்ணி பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார். தலைவர் அப்போது என் மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துறையில் சத்தம் அதிகம், படிக்கிற பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும், அதனால்தான் என்று இழுத்தார்.

"சத்தமா?" என்றார் அண்ணி. "சாரன்தோ, உங்க பொண்டாட்டிய ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புனப்ப என் வாசல்ல நின்னு நீங்க அழுதீங்களே, அதவிடவா? உங்க எல்லாரையும் கரைசேத்தவ நான். ஒரே ஒரு புள்ளைய என் வீட்டுல வச்சுக்கத் தெரியாதா எனக்கு?"

தலைவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். வேறொரு வீட்டை அடித்துவிட்டு, பன்னிரண்டாவதாக மரூசோ என்று எழுதினார். அடிபட்டது என் வீடு. அதைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்வதாக இல்லை.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. அண்ணிக்கு வரப்போவது இல்திகோ என்ற பெண், இருபது வயது, ஹங்கேரி நாட்டுக்காரி. அந்த நாட்டில் கடலே இல்லை என்று பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்துக்கொண்டு வந்து சொன்னார் அண்ணி. ஏதோ அந்த நாட்டில் சோறே கிடையாது என்பதுபோல அவருக்கு மனசு பொறுக்கவில்லை. அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. தன் கட்டிலைப் பெண்ணுக்கு விட்டுவிட்டுக் கூடத்துக்கு மாறினார். ஜன்னலுக்கு எதிரே மேசை போட்டார். கடலைப் பார்த்தபடி படிக்கட்டும், இத்தனை நாள் பார்க்காததற்குச் சேர்த்துப் பார்க்கட்டும் என்றார். அத்திப்பழம் உலர்த்தினார், காய்ந்த தக்காளியை எண்ணெயில் போட்டார், ஒரு கம்பளியை மூன்று முறை துவைத்தார். வயதுப் பெண் என்ன சாப்பிடும் என்று என்னிடமே நாலு தரம் கேட்டார். பிள்ளை இல்லாத வீடு அது. அண்ணனும் அவரும் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி காலை, மாலுமிகள் கணக்கில் காற்றின் வேகம் ஏழு. எட்டைத் தொட்டால் எங்கள் சின்னக் கப்பலைக் கிளம்ப விட மாட்டார்கள். ஏழு என்றால் கிளம்பும், ஆனால் அழுதுகொண்டே வரும். பதினோரு மணிக்குத் தீவே துறையில் நின்றது. பாதிரியார் புது அங்கி, என் மனைவி ஒரு தாம்பாளம் நிறையத் தேனில் ஊறிய மாவு உருண்டை, தலைவர் கையில் நாலு பக்க உரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'நல்வரவு' என்று படுக்கை விரிப்பில் வண்ணமாக எழுதியிருந்தார்கள். காற்று அதைப் பிடுங்கித் தலைவரைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது. அவரைப் பிரித்தெடுக்கும்போதே கப்பல் தீவின் முனையைத் தாண்டிவிட்டது. அண்ணி மழைக்கோட்டுக்குள்ளே பண்டிகைக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டிருந்தார். கழுத்தில் ஒரு சங்கிலி வேறு. நான் பார்த்துச் சிரித்தேன். பல்லைக் காட்டாமல் டிக்கெட்டைக் கிழி என்றார்.

முதல் வடத்தை மாட்டிவிட்டார். இரண்டாவதையும் மாட்டினார். கப்பல் ஒரு எகிறு எகிறியது. இரண்டாவது வடம் வெடிச்சத்தத்தோடு அறுந்து, நுனி என் மேசை ஒன்றைத் தட்டிக்கொண்டு போனது. ஒலிபெருக்கியில் கேப்டன் கலாரிஸ் எல்லோரையும் ஓடி இறங்கச் சொல்லிக் கத்தினார். பின்கதவு தரையில் உட்காரவில்லை. இடுப்பளவு எழும்பும், தடாலென்று விழும். எங்களுக்கு இது பழக்கம். விழும்போது காலை வைத்து நடந்துவிடுவோம், எங்கள் வாசற்படி மாதிரி. வந்த பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான். ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியோடு குதித்தார்கள், கீழே வந்ததும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். பதினொரு பேர்.

பன்னிரண்டாவது பெண் கதவின் நடுவில் வந்து நின்றுவிட்டாள். மெலிந்த உடம்பு, கட்டைக் கூந்தல், சிவப்புப் பெட்டி. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. கப்பல் ஊதியது. ஒற்றை வடத்தில் அதற்கு மேல் நிற்க முடியாது. அண்ணி பழக்கத்தில் வடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவர் ஓடவில்லை. தன் வீட்டு மாடிப்படியில் ஏறுகிற மாதிரி ஏறினார். ஒரு கையில் பெட்டியைப் பிடித்தார், ஒரு கையில் பெண்ணின் கையைப் பிடித்தார். வெளியூர்க்காரி யாராவது இருந்திருந்தால் கட்டவிழ்த்த கப்பலில் கால் வைத்திருக்க மாட்டாள். கதவு எழும்பியது, எழும்பியது, கீழே வரவேயில்லை. கேப்டனுக்கு அடுத்தவனான மேட் ஸோசிமாஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் உள்ளே இழுத்தான். கதவு மூடியது. நீலக் கவுனின் ஓரம் கடைசியாகத் தெரிந்தது.

முதலில் சிரித்தவன் நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இருபத்து மூன்று வருஷம் கட்டின கப்பல் கடைசியில் அண்ணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வந்த பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கப்பல் அடுத்த தீவான வத்ரோவுக்குப் போய், அங்கே கடைசி நிறுத்தத்தில் திரும்பி, நாலரைக்கு மறுபடி எங்களிடம் வந்து, பிறகு பெரிய துறைமுகத்துக்குப் போகும். சாயங்காலம் இருவரும் இறங்கிவிடுவார்கள், இதில் என்ன? அப்போது தலைவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சரி, நாலரைக்குக் கயித்த யாரு புடிப்பா?"

பாதிரியார்கூடத் தன் செருப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், முந்தின நாளே வந்திருந்த பேராசிரியையின் கைபேசி அடித்தது. அவர் ஒதுங்கிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே பேசுகிறாளாம். தன்னால் முடியாது, இறங்கப் போவதில்லை, அப்படியே பெரிய துறைமுகத்துக்குப் போய் விமானம் ஏறி வீட்டுக்குப் போகிறேன் என்கிறாளாம். முதல் மூன்று நாளுக்குள் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, கட்டாயப்படுத்த முடியாது என்றார் பேராசிரியை.

அடுத்து எனக்கு அடித்தது. கேப்டன். காற்று ஏறுகிறது, இன்னொரு வடத்தை இழக்கத் தயாரில்லை, ஒரே ஒரு தரம் கயிறு வீசுவோம், பிடித்தால் ஒரு நிமிஷம் கதவைத் திறப்பேன், பிடிக்காவிட்டால் நேரே போய்விடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அப்படியானால் அண்ணியும் போவார், அந்தப் பெண்ணும் போவாள், அந்த மேசையும் கட்டிலும் காலியாகக் கிடக்கும். மூன்று முறை துவைத்த கம்பளி எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீவில் இத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். என் கடையில் உட்கார்ந்து, கயிறு பிடிப்பது பற்றி ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் அளவுக்குப் பேசியவர்கள். அன்று ஒருவனுக்கு இடுப்பு, ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். கடைசியில் தலைவர் என்னைப் பார்த்தார்.

"நீதானப்பா சொல்லுவ, இது ஒரு வேலையான்னு. செஞ்சு காட்டு."

பன்னிரண்டிலிருந்து நாலு வரை பயிற்சி. என் கடை மொட்டைமாடியில் தலைவர் ஏறி நின்றுகொண்டு, துணி காயப்போடும் கயிற்றின் நுனியில் ஒரு உருளைக்கிழங்குப் பையைக் கட்டி என்மேல் வீசினார். முதல் தரம் பை என் நெற்றியில் பட்டது. இரண்டாம் தரம் தாம்பாளத்தில் விழுந்து தேன் தெறித்தது. பிறகு எண்ணவில்லை. பதினொரு பிள்ளைகளும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வரிசையாக உட்கார்ந்து மாவு உருண்டை தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள். ஒருவன் தன் நாட்டு மொழியில் ஏதோ சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. கயிறு நேரே வரும் என்று கையை நீட்டினால் காற்று அதை நாலு முழம் தள்ளிக் கொண்டுபோகிறது. அண்ணி எப்படிப் பிடிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கயிற்றைப் பார்த்திருக்கிறேன், கப்பலைப் பார்த்திருக்கிறேன், அண்ணியின் கை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் கப்பலில் நடந்ததை மேட் ஸோசிமாஸ் எனக்கு அப்புறம் சொன்னான். கதவு மூடிய முதல் பத்து நிமிஷம் அந்தப் பெண் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று தட்டிக்கொடுத்திருக்கிறார். கப்பல் முனையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் அண்ணியின் கை தட்டுவதை நிறுத்திவிட்டது. முகம் வெளுத்து, பிறகு பச்சையாகி, அந்த நீலக் கவுனிலேயே வாந்தி எடுத்திருக்கிறார். கடமையும் இல்லை, ஒன்றும் இல்லை; அண்ணிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தரம் ஏறிச் செத்துப் பிழைத்தாராம். அதை இத்தனை வருஷம் ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறார்.

அழுதுகொண்டிருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாளாம். ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ச் சமையலறையில் எலுமிச்சையும் வாளியும் கேட்டு வாங்கி வந்தாளாம். அண்ணியின் தலையை மடியில் வைத்து, நெற்றியைப் பிடித்து, வாளியை இரண்டு தரம் கழுவிக் கொண்டுவந்தாளாம். மூன்று மாதமாகக் கைபேசியில் படித்த அரைகுறைக் கிரேக்கம் அவளுக்குத் தெரியும். மூச்சு, மெதுவா, மூச்சு, மெதுவா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

வத்ரோவில் கப்பல் நின்றதும் அண்ணி தவழாத குறையாக இறங்கி, துறையில் ஒரு மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்து, இனிமேல் உயிரே போனாலும் ஏற மாட்டேன் என்றுவிட்டார். இங்கேயே ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன், என் துணிமணிகளை யாகுமிஸ் அனுப்பிவைக்கட்டும் என்றாராம். ஸோசிமாஸ் கெஞ்சினான், கேப்டன் மிரட்டினார். நடக்கவில்லை. அந்தப் பெண் அண்ணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் ஈரச் செருப்பைக் கழற்றி, தன் பெட்டியைத் திறந்து கம்பளிக் காலுறையை எடுத்துப் போட்டுவிட்டாள். பிறகு கையை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்து எழுந்து அவள் பின்னால் போனாராம், ஆட்டுக்குட்டி மாதிரி என்றான் ஸோசிமாஸ்.

இதெல்லாம் எதுவும் தெரியாமல் நான் நாலே காலுக்கே குற்றியின் பக்கத்தில் நின்றேன். அண்ணியின் பழைய மழைக்கோட்டு எனக்குத் தொப்பைக்குமேல் மூடவில்லை. காற்று ஏழரை இருக்கும். கப்பல் முனையைத் தாண்டியது. மேல்தளத்தில் மாலுமி கயிற்றைச் சுழற்றினான். வீசினான்.

பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். முடிச்சு என் காதில் அடித்தது, நான் தடுமாறி விழுந்தேன், கயிறு எனக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதன்மேல் படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் திறமை. தலைவர் வந்து என்னைப் புரட்டினார், இருவருமாக இழுத்தோம். அந்த வடம் ஒரு கன்றுக்குட்டி கனம். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கண்ணியைக் குற்றியில் மாட்டியதும் துறையே கத்தியது. பதினொரு பிள்ளைகளும் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார்கள். நான் ஒரு கையைத் தூக்கிக்கூடக் காட்டினேன்.

பின்கதவு இறங்கியது. எழும்பும், விழும். முதலில் அந்தப் பெண் தெரிந்தாள். காலையில் அவளை அண்ணி பிடித்திருந்தார். இப்போது அவள் இரண்டு கையாலும் அண்ணியைப் பிடித்திருந்தாள். கதவு விழும் வரை காத்திருந்து, "இப்ப" என்றாள். இரண்டு பேரும் தரையில் கால் வைத்தார்கள். அண்ணியின் முகம் இன்னும் பச்சையாகவே இருந்தது. நேரே போய் என் கடைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியை ஓடிவந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். இருக்கிறாயா, போகிறாயா, இப்போதே சொல், கப்பல் நிற்காது என்று கேட்டிருப்பார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. தன் வெறுங்கையைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள். திரும்பி நடந்து, அந்தக் கதவு விழும் நேரம் பார்த்து ஏறி, உள்ளே இருட்டுக்குள் போய்விட்டாள்.

அண்ணி அவள் முதுகைத்தான் பார்த்தார்.

"போகட்டும்" என்றார். "சின்னப் பொண்ணு. எவ்வளவுதான் தாங்கும்." கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் செத்த அன்றுகூட நான் அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

கப்பல் ஊதியது. வடத்தைக் கழற்ற வேண்டியவன் நான். வடம் முறுகிக்கொண்டு கிரீச்சிட்டது. கண்ணியில் கை வைத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, கையை எடுத்துவிட்டு அந்தக் குற்றியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கப்பலைக் குற்றியில் கட்டுகிற யாரும் செய்யக் கூடாத காரியம் அது; வடம் அறுந்தால் ஆளை இரண்டாக வெட்டிவிடும். காலையில் அறுந்ததைப் பார்த்தவன்தான் நான்.

"யாகுமி, கயித்த விடு" என்றார் கேப்டன் ஒலிபெருக்கியில். நான் விடவில்லை. மறுபடி ஊதினார். "விடுறியா, இல்ல குத்தியோட சேத்து உன்னையும் இழுத்துக்கிட்டுப் போகவா?" தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் வாயைத் திறந்து போகிறேன் என்று சொல்லட்டும், விடுகிறேன் என்றேன். சொல்லாமல் விட மாட்டேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது கதவின் மேல்முனையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அவள் பெட்டி. இரண்டு கையும் அண்ணியைப் பிடித்திருந்ததால் உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பெட்டியை இழுத்துக்கொண்டு கதவின் நடுவுக்கு வந்தாள், காலையில் உறைந்து நின்ற அதே இடம். நின்றாள். கதவு எழும்பியது. அவள் கீழே நின்ற எங்களைப் பார்க்கவில்லை, அலையைப் பார்த்தாள். கதவு விழுந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே சுவரோரம் போனாள். பெட்டியை அண்ணியின் காலடியில் வைத்தாள். குனிந்து, உடைந்த கிரேக்கத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"கண்ணத் தொறங்க. நீங்க படுக்கணும். நம்ம வீடு எது?"

அண்ணி கண்ணைத் திறந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார். அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் பெண்ணைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கப் பார்க்கிறது என்று தெரிந்ததும் அதைக் கடித்து அடக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"என்னடா குத்தி மேல உக்காந்திருக்க? எந்திரி. கயித்த விடு, கப்பல் போகட்டும்."